வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்கோ அம்மா

டொக்டர் வீடியோவில் வருவதற்கு அரை மணித்தியாலம் இருக்கும்போதே அம்மா ஆயத்தமாகிவிடுவார். குளிப்பு, தோய்த்து மடித்து வைத்த சேலை, நெற்றியில் திருநீறு. விறாந்தைக் கதிரையில் வந்து இருந்து, மடியில் கிளினிக் கொப்பியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பார். டொக்டர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வரப்போகிறார் என்பது போல.

“வீட்டுச் சீலையோட இருந்தால் என்னம்மா? டொக்டருக்குத் தோள்மட்டும்தானே தெரியும்” என்பேன்.

“தெரியாட்டில் என்ன? அவ டொக்டர் எல்லோ.”

எங்கள் மானிப்பாய் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது விறாந்தையின் மேற்கு மூலையில் மட்டும்தான். அந்த மூலையில் வெளிச்சம் காணாது. ஆகவே ஒவ்வொரு முறையும் டொக்டரின் முதல் வசனம் ஒன்றுதான்: “வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்கோ அம்மா.” அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போவார். சிக்னல் போய்விடும். திரும்ப மூலைக்கு வந்தால் டொக்டர் வருவார், அம்மாவின் முகம் இருட்டாகிவிடும். இந்த இழுபறிக்கு நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். இந்தக் கட்டுரை கொஞ்சம் அந்தக் கையைப் பற்றியது.

அம்மாவுக்கு எழுபத்திநாலு வயது. பத்தொன்பது வருஷமாகச் சீனி வருத்தம், பன்னிரண்டு வருஷமாகப் பிறசர். நான் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கிறேன். தம்பி மெல்பேணில். அப்பா இல்லை. இந்த ஐந்து வசனத்தில் யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளின் கதை அடங்கிவிடும்.

கிளினிக் நாள் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாலரை மணிக்கு எழும்ப வேண்டும். வெறும் வயிற்றோடு இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் தேத்தண்ணியும் கிடையாது. ஆறு மணிக்கு ஓட்டோ. போய் நம்பர் எடுத்து, வாங்கில் இடம் பிடித்து, இரத்தம் கொடுத்து, கொண்டுபோன பாணைச் சாப்பிட்டு, பிறசர் பார்த்து, திரும்ப வரிசை. டொக்டரிடம் போய்ச் சேரப் பத்தரை ஆகும். அவர் பார்ப்பது நாலு நிமிஷம். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவருக்கு வெளியே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தானே உள்ளே போகிறோம். பிறகு மருந்துக்கு இன்னொரு வரிசை. வீடு வரும்போது ஒரு மணி. ஒரு சதம் கட்டணம் இல்லை. இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரி இலவசம் என்பதைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் எனக்கு ஒரு நாள் லீவு, அம்மாவுக்கு அடுத்த இரண்டு நாள் நாரி நோ.

இதற்கு மாற்றாக இருந்தது சனல் பண்ணுவது. பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் அதே நிபுணர் பின்னேரம் தனியார் இடத்தில் இருப்பார். காசு கட்டி நம்பர் எடுக்கலாம். உங்கள் நம்பர் இருபத்தேழு என்றால் ஏழு மணிக்கு வரச் சொல்வார்கள். ஏழு மணிக்குப் போனால் நம்பர் ஒன்பது உள்ளே இருக்கும். காத்திருக்கும் நேரம் அதேதான், வாங்குக்குப் பதிலாகக் குஷன் கதிரை.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கிழமைக் கணக்கில் படலையைத் திறக்கவில்லை. அம்மாவின் குளிசை முடிந்துகொண்டு வந்தது. அந்த நேரம் கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் மூலம் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு ஒன்று செய்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பொதி வந்தது. முகக்கவசத்தோடு தபால்காரர் சைக்கிளை நிப்பாட்டி மதிலுக்கு மேலால் நீட்ட, அம்மா அதைக் கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் வாங்கினார். டொக்டரைப் பார்க்காமலே மருந்து வரும் என்பது எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அன்றைக்குத்தான்.

பிறகு 2022. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் வரிசையில் ஆட்கள் படுத்து எழும்பினார்கள். ஓட்டோக்காரர் சொன்ன விலைக்குக் கிளினிக் போய்வருவதென்றால் என் சம்பளத்தில் கண் தெரியும் அளவுக்கு ஒரு துண்டு போய்விடும். போதாக்குறைக்கு நாங்கள் வழமையாகச் சனல் பண்ணும் டொக்டரும் நாட்டை விட்டுப் போய்விட்டார். அந்த வருஷம் போன எத்தனையோ டொக்டர்மாரில் அவரும் ஒருவர். அந்த ஆனி மாதம்தான் தம்பி போனில் ஒரு செயலியைக் காட்டி, “அக்கா, உதில ஒருக்கா ட்ரை பண்ணிப் பாருங்கோ” என்றான்.

உண்மையைச் சொன்னால் யாழ்ப்பாணத்தாருக்குத் தொலைமருத்துவம் புதிசில்லை. பெயர்தான் புதிசு. எந்த வீட்டு வட்ஸ்அப் குழுவையும் திறந்து பாருங்கள். காலை வணக்கத்துக்கும் கோயில் படத்துக்கும் நடுவில் ஒரு இரத்தப் பரிசோதனை ரிப்போட் கிடக்கும். இலண்டனில் இருக்கும் ஒரு மாமா, அல்லது மாமாவின் மகள், அல்லது மாமாவின் மகளைக் கட்டியவர் டொக்டராக இருப்பார். அவரிடம் கேட்காமல் இங்கே ஒரு குளிசை தொண்டைக்குள் இறங்காது. பெரியாஸ்பத்திரி நிபுணர் நேரில் பார்த்து எழுதிய மருந்தை, இவர் பஸ்ஸில் போய்க்கொண்டே ‘ஓகே’ என்று கட்டைவிரலைக் காட்டிய பிறகுதான் அம்மா போடுவார். அந்த மாமா எலும்பு டொக்டர் என்பதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை.

அதற்கும் முந்திய காலம் ஒன்று உண்டு. 1990-க்குப் பிறகு பல வருஷம் இந்தக் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அப்பாவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தபோது அவர் கொழும்பில் இருந்த தன் டொக்டர் நண்பருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். எத்தனை மணிக்குக் குளிர்கிறது, எத்தனை மணிக்கு வியர்க்கிறது, என்ன சாப்பிட்டால் சத்தி வருகிறது என்று ஒன்றும் விடாமல். கடிதம் போய்ப் பதில் வர ஒன்றரை மாதம். பதில் வந்தபோது அப்பா தோட்டத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அந்தக் கடிதத்தை இப்போது எடுத்து வாசித்தால் (அம்மாவின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது) ஒன்று தெரிகிறது. தொட்டுப் பார்க்க முடியாத டொக்டருக்கு உடம்பை எப்படிச் சொல்வது என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

தொலைபேசி பிறந்த மூன்றாம் வருஷமே இந்தக் கதை தொடங்கிவிட்டது. 1879-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. நடு இரவில் ஒரு குழந்தை இருமுகிறது, ஆபத்தான இருமலோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். டொக்டர் குழந்தையைத் தொலைபேசிக்குக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி, இருமலைக் காதால் கேட்டு, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார். அந்தக் குறிப்பில் என் கண் போனது தொலைபேசிக்கு முன்னால் குழந்தையைத் தூக்கிப் பிடித்தவர் மேல்தான். அவர் இல்லையென்றால் அந்த இருமல் டொக்டரின் காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

தம்பி இருக்கும் அவுஸ்திரேலியாவில் இது இன்னும் விரிவாக நடந்தது. பாலைநிலத்துப் பண்ணைகளுக்கு டொக்டர் விமானத்தில் போகும் சேவை 1928-இல் தொடங்கியது. மறு வருஷம் அல்பிரட் ட்ரேகர் என்பவர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலி ஒன்றைச் செய்து கொடுத்தார். தையல் மெசின்போல மிதித்துக்கொண்டே டொக்டரோடு கதைக்கலாம். 1942 முதல் பண்ணைகளுக்கு ஒரு மருந்துப் பெட்டியும் கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் இலக்கம். டொக்டர் வானொலியில் “இன்ன இலக்கத்தில் ஒன்று கொடுங்கள்” என்பார். ஒன்பதாம் இலக்கம் முடிந்துபோனதால் நாலில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் கொடுத்த ஒருவரைப் பற்றி அங்கே ஒரு பகிடி உண்டாம். தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அம்மாவின் முதலாவது வீடியோச் சந்திப்பில் எனக்கு அந்த மருந்துப் பெட்டி நினைவுக்கு வந்தது. என்ன மருந்து பாவிக்கிறார் என்று டொக்டர் கேட்க, நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சொன்னார்: “காலமை ஒரு பெரிய வெள்ளை, ஒரு சின்ன றோஸ், பின்னேரம் வெள்ளையில பாதி.” ஆஸ்பத்திரியில் குளிசை கடதாசி உறையில்தான் வரும். உறையின் மேல் கையெழுத்து. இந்த மாதம் றோசாக இருப்பது அடுத்த மாதம் வேறு கம்பனியில் வந்து மஞ்சளாகிவிடும். 2022-இல் தட்டுப்பாடு வந்தபோது 500 மில்லிகிராம் குளிசை இல்லாமல் 850 கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லாமல் வெளியே வாங்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு எல்லாமே வெள்ளை. நான் உறைகளை ஒவ்வொன்றாகக் கமராவுக்கு முன்னால் பிடிக்க, டொக்டர் தலையைச் சரித்துச் சரித்து வாசித்தார். அவுஸ்திரேலியாக்காரரின் இலக்கம் எவ்வளவோ மேல்.

சரி, கொவிட் வந்தபிறகு உலகம் முழுவதும் இது எப்படி வளர்ந்தது என்பதற்கு இரண்டு கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அமெரிக்காவில் முதியோருக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் 2019-இல் ஏறக்குறைய 8 இலட்சத்து 40 ஆயிரமாக இருந்த தொலைவழிச் சந்திப்புகள், 2020-இல் 5 கோடி 27 இலட்சமாகின. இந்திய அரசாங்கத்தின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனி 2023 பெப்ரவரிக்குள் 10 கோடிச் சந்திப்புகளைத் தாண்டியது. இ-சஞ்சீவனியில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு இருக்கிறது. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பார், டொக்டர் திரைக்கு அந்தப் பக்கம் இருப்பார். பிறசர் பார்க்கவும் சொன்ன இடத்தைத் தொட்டுப் பார்க்கவும் பழகிய ஒரு கை அங்கே இருக்கிறது. எங்கள் விறாந்தையில் இருந்தது கணக்குப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியையின் கை.

முதலில் கிடைத்த டொக்டர் நல்லவர், பொறுமைசாலி. சிங்களமும் ஆங்கிலமும் கதைப்பார், தமிழ் வராது. நான் மொழிபெயர்த்தேன். “என்ன செய்யுது?” என்று கேட்கச் சொன்னார்.

“நெஞ்சுக்குள்ள ஒரு அந்தரமாக் கிடக்கு” என்றார் அம்மா.

அந்தரம். நான் அப்படியே நின்றுவிட்டேன். நோ இல்லை. படபடப்பும் இல்லை. மூச்சு முட்டுவதும் இல்லை, ஆனால் மூன்றின் வாசமும் அதற்குள் இருக்கிறது. ஒருவருக்கு வீட்டில் ஆளில்லாவிட்டாலும் அந்தரம், சிறுநீர் முட்டினாலும் அந்தரம், மாரடைப்புக்கு முன்னாலும் அந்தரம். நான் ஆங்கிலத்தில் ‘மனம் சரியில்லையாம்’ என்ற பொருளில் ஏதோ சொன்னேன். அவர் நித்திரை எப்படி என்று கேட்டார். பேச்சு அந்தப் பக்கமே போய்விட்டது. நல்ல காலம், அடுத்த கிழமை எடுத்த ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வார்த்தையை நான் திருப்பிய விதத்தில் ஓர் இருதயம் மனமாக மாறியதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நோவைச் சொல்ல எத்தனை சொல் இருக்கிறது பாருங்கள். கால் உளையும், நாரி பிடிக்கும், வயிறு கடுக்கும், தலை இடிக்கும், கண் எரியும், காது குத்தும், கை விறைக்கும். ஒவ்வொன்றும் வேறு வேறு நோ, ஒவ்வொன்றுக்கும் டொக்டர் வேறு வேறு பக்கம் யோசிப்பார். நேரில் என்றால் அம்மா சொல் கிடைக்காத இடத்தில் கையை வைத்துக் காட்டுவார். போனில் சொல்தான் கை.

மானிப்பாயில் இருந்துகொண்டு இதை எழுதும்போது சாமுவேல் கிறீனை நினைக்காமல் இருக்க முடியாது. 1847-இல் அமெரிக்க மிசனோடு வந்த டொக்டர். இந்த ஊரில் இருந்து பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தவர், மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கியவர். நோயாளி எந்த மொழியில் முனகுகிறானோ அந்த மொழியில் டொக்டருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். 1884-இல் அமெரிக்காவின் வூஸ்டரில் அவர் இறந்தபோது தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே கல்லறையில் பொறித்தார்கள். இன்றைக்குக் கொழும்பில் இருக்கும் நிபுணரை ஒரு நிமிஷத்தில் விறாந்தைக்குக் கூப்பிட்டுவிடுகிறோம். கிறீன் இருந்திருந்தால் அந்தரத்தைத் திருப்பிச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்க மாட்டார்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு தமிழ் டொக்டர் ஒருவர் கிடைத்தார். எங்கள் பக்கத்தில் வேலை செய்துவிட்டுக் கொழும்புக்கு மாறிப் போனவர், இளம் பெண். அம்மாவுக்கு முதல் நாள் அவர் ‘டொக்டர்’, மூன்றாம் மாதம் ‘பிள்ளை’. அதன் பிறகு எல்லாம் நன்றாகவே நடந்தது. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துப் போக ஒரு பையன். ரிப்போட் போனில் வரும். நான் அதை டொக்டருக்கு அனுப்புவேன். மாதம் ஒரு முறை பதினைந்து நிமிஷம், நாலு நிமிஷம் இல்லை. மருந்துச் சிட்டை படமாக வரும். பாமசிக்காரர் முதல் தடவை “கடதாசி எங்க ரீச்சர்?” என்று கேட்டு ஐயத்தோடு பார்த்தார், பிறகு பழகிவிட்டார். அம்மாவின் சீனி நூற்றெண்பதில் இருந்து நூற்று முப்பத்தெட்டுக்கு இறங்கியது. தம்பிக்குப் பெருமை. எனக்கு லீவு மிச்சம். கிளினிக் பக்கம் ஒன்பது மாதம் போகவில்லை.

இனித்தான் கால்.

சித்திரை வருஷப் பிறப்பன்று எங்கள் மருதடிப் பிள்ளையாருக்குத் தேர். அம்மா எந்த வருஷமும் விட்டதில்லை, செருப்போடு போனதும் இல்லை. சித்திரை வெயிலில் கோயில் வீதி மணல் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. எல்லாரும் துள்ளித் துள்ளித்தான் நடப்பார்கள். அம்மா துள்ளவில்லை. “பிள்ளையாற்றை மண் எனக்குச் சுடேல்லை” என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நாங்கள் பக்தி என்று நினைத்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு வீடியோச் சந்திப்புகள் நடந்தன. இரண்டிலும் டொக்டர் கேட்டார், “கால் எப்படி அம்மா, நோ ஏதும்?” அம்மா “இல்லைப் பிள்ளை, ஒரு நோவும் இல்லை” என்றார். அது பொய்யில்லை. நோ இல்லாததுதான் வருத்தமே. சீனி வருஷக்கணக்கில் கூடிக் கிடந்தால் காலின் நரம்புகள் மெல்ல மெல்லச் செத்துப்போகும். சுட்டால் தெரியாது, குத்தினால் தெரியாது. இது எனக்கு அப்போது தெரியாது என்று சொன்னால் அதுதான் பொய். கிளினிக் சுவரில் படம் ஒட்டியிருக்கும், பத்து வருஷம் அதற்குக் கீழேதான் வாங்கில் இருந்திருக்கிறேன்.

வைகாசி முடிவில் கண் பரிசோதனைக்காக அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூட்டிப் போன இடத்தில் ஒரு மிஸ்ஸி (தாதி), கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கன காலம் வரேல்லை என்னம்மா? செருப்பைக் கழட்டுங்கோ” என்றார். கண் மூடச் சொன்னார். மெல்லிய நைலோன் இழை ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொட்டார். பத்து கிராம் பாரத்துக்கு வளையும் இழையாம். தொடும்போது ஓம் என்று சொல்ல வேண்டும். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை ஓம் சொல்லாமல், “தொடங்கிற்றியளோ பிள்ளை?” என்று கேட்டார்.

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். காலைத் தூக்கி அடிப்பக்கத்தைத் திருப்பினார். பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் குற்றியளவு புண். ஓரமெல்லாம் வெள்ளையாகத் தடித்து, நடுவில் குழி. மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசிய தடம்.

“உது கொப்புளமா வந்தது, நோகேல்லை எண்டு விட்டிட்டன்” என்றார் அம்மா.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஓட்டோவுக்குள் சத்தம் போட்டேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆறு கிழமை அந்தக் கால் நான் போனைப் பிடித்த இடத்தில் இருந்து இரண்டடிக்குக் கீழே, சேலைக் கரைக்குள் இருந்திருக்கிறது. டொக்டர் சொன்னபடி முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். காலை யாரும் வெளிச்சத்துக்குத் திருப்பவில்லை.

விரல் தப்பியது. ஒன்பது கிழமை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மருந்து கட்டப் போனோம். ஒன்பது மாதமாகச் சேமித்த பயணத்தையெல்லாம் கால் வட்டியோடு வாங்கிக்கொண்டது. வீடியோ டொக்டருக்குச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் கேட்டேன் அக்கா, பார்க்கவில்லை” என்றார். நானும் அதேதான்.

மருந்து கட்டும் நாட்களில் ஒருநாள் நான் வெளியே போன் கதைத்துவிட்டு உள்ளே போனபோது, அம்மா மிஸ்ஸியின் காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். பிறகுதான் தெரிந்தது, ஒரு வருஷமாக இருமினால் தும்மினால் சிறுநீர் கசிகிறதாம். அத்தனை வீடியோச் சந்திப்பிலும் ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டதற்கு, “நீ போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்குள்ள உதை எப்படிச் சொல்லுறது?” என்றார். டொக்டரின் அறையில் ஒரு திரைச்சீலை தொங்கும். எங்கள் விறாந்தையில் நான் நின்றேன், சில நாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் நின்று “கத்தரிக்காய் சாப்பிடலாமோ எண்டு கேள்” என்று எடுத்துக் கொடுப்பார்.

இதையெல்லாம் எழுதுவதால் போன் டொக்டர் வேண்டாம் என்று சொல்வதாக எடுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த இளம் பொடியன் ஒருவன், பெயர் ஊர் வேண்டாம். ஒரு வருஷமாகச் சாப்பாடு, நித்திரை, வேலை ஒன்றும் ஓடவில்லை. மனநல கிளினிக் வாசலில் அவனைக் கண்டால் அன்று பின்னேரத்துக்குள் சந்திவரை கதை வந்துவிடும், இந்த ஊரைத் தெரியும்தானே. அவன் 1926 என்ற மனநல உதவி எண்ணுக்குத்தான் முதலில் எடுத்தான். பிறகு ஒரு டொக்டரோடு கிழமைக்கு ஒருமுறை கதைத்தான். பண்ணைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு. அவனுக்கு அந்தப் பாலம்தான் திரைச்சீலை. யாருடைய கையும் அவன் போனைப் பிடிக்கவில்லை. இப்போது வேலைக்குப் போகிறான்.

நெடுந்தீவில் படிப்பிக்கும் என் சிநேகிதிக்கும் இது வரப்பிரசாதம். குறிகட்டுவானில் இருந்து படகு ஒரு மணித்தியாலம், கடல் கொதித்தால் அதுவும் இல்லை. அங்கே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, நிபுணர் இல்லை. தோலில் வந்த ஒரு தழும்பைப் படம் எடுத்து அனுப்பி, பூச வேண்டிய மருந்தின் பெயரை அரை மணித்தியாலத்தில் வாங்கினாள். அதற்காக இரண்டு நாள் லீவு போட்டுப் பட்டினம் வந்துபோன காலம் ஒன்று இருந்தது.

காய்ச்சல் மட்டும் எனக்குப் போனில் பயம். மாரி தொடங்கினால் இங்கே டெங்கு. டெங்கில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கவனமான நாள். தேர்மோமீற்றர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும், உள்ளே இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கும். “காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர்” என்று சந்தோசமாகப் போனில் சொல்லிவிட்டு இருந்துவிடலாம். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு டிசம்பரில் வந்த காய்ச்சலை முதலில் என்னவென்றே தெரியாமல் இருந்து, பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று கண்டுபிடித்தார்கள். வயலுக்குள் இறங்கினாரா, வெள்ளத்துக்குள் நின்றாரா என்று கேட்கத் தெரிந்தவர் கேட்க வேண்டும், இரத்தமும் எடுக்க வேண்டும். நெஞ்சு நோ, மூச்சு முட்டு என்றால் யோசனையே வேண்டாம், 1990 என்ற எண்ணுக்கு எடுக்க வேண்டியதுதான். அந்த அம்புலன்ஸ் சேவையை 2018 ஜூலையில் வடக்குக்குத் தொடங்கிவைத்தபோது இந்தியப் பிரதமர் டில்லியில் இருந்து வீடியோவில்தான் வந்தார். வாகனம் மட்டும் நேரில் வந்தது, அது போதும்.

இப்போது எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக், செருப்பைக் கழட்ட. இடையில் இரண்டு மாதமும் வீடியோ. பழைய உறைகளை வீசிவிட்டு, குளிசைகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் குளித்த பிறகு அம்மாவின் பாதத்தை நான் பார்ப்பேன், விரல் இடுக்கெல்லாம். அம்மாவுக்குக் கூச்சம், “தாயின்ரை காலைப் பிடிக்காதை” என்பார். கோயிலுக்கு மட்டும் இன்னும் செருப்போடு போக மாட்டேன் என்கிறார். காலுறை போடுவதாக ஒரு சமரசம். பிள்ளையார் அதை ஒத்துக்கொள்வார் என்று குருக்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

போன கிழமை வீடியோ. வழமைபோலக் குளிப்பு, சேலை, திருநீறு. திரையில் டொக்டர் வந்ததும் அம்மா வணக்கம் சொல்லவில்லை. முக்காலியில் வலது காலைத் தூக்கி வைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்து, “பிள்ளை, இதை முதல்ல பாருங்கோ” என்றார். நான் குனிந்து, அடிப்பக்கம் தெரியப் போனைப் பிடித்தேன்.

“கால் வடிவாக் கிடக்கம்மா. இனி முகத்தைக் காட்டுங்கோ.”

போனைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். இதுவும் புது ஒழுங்கு. கடைசி ஐந்து நிமிஷம் நான் அங்கே நிற்கக் கூடாது. அம்மாவின் குரல் தாழ்ந்தது, என்ன கதைக்கிறார் என்று கேட்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் கலக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் விறாந்தையில் கதிரை இழுபடும் சத்தம். சிக்னல் போயிருக்க வேண்டும். “பிள்ளை… பிள்ளை…” என்று அம்மா கூப்பிட்டார். கூப்பிட்டது என்னையா டொக்டரையா என்று தெரியாமல், கரண்டியும் கையுமாக ஓடினேன்.